கொங்கு நாட்டில் விழுந்த போர் விமானம்: ஆவணங்களில் தேடத் தொடங்குவோருக்கு

உங்கள் ஊரில் பெரியவர்கள் யாராவது ஒரு நிலத்தைக் கைகாட்டி, "சண்டைக் காலத்துல பிளேன் உழுந்த காடுங்க அது" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காக. அதில் வந்தவர்கள் யார், எங்கிருந்து எங்கே போனார்கள், ஏன் விழுந்தது, இறந்தவர்களை எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதையெல்லாம் எண்பது வருடம் கழிந்த பிறகும் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும். காகிதங்கள் லண்டனிலும் கான்பராவிலும் அமெரிக்காவிலும் சென்னையிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் பாதி வேலைக்கு மேல் வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். "என்ன விமானம்" என்று கேட்பதற்கு முன்னால் "யாருடைய விமானம்" என்று கேட்க வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படை, பிரிட்டிஷ் கடற்படை, அமெரிக்கப் படை, இந்திய விமானப்படை என்று நான்கு தரப்பும் தென்னிந்தியாவின் மேல் பறந்தன. நான்குக்கும் படிவம் வேறு, ஆவணக் காப்பகம் வேறு. புதிதாகத் தேடுபவர்கள் நேராக பிரிட்டிஷ் விமானப்படையின் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். கொங்கு நாட்டில் அப்படி விடுவது பெரிய இழப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

பீளமேட்டில் 1940 இல் விமான நிலையம் வந்தது. சூலூரில் போர்க்காலத்தில் ராணுவ விமானதளம் எழுந்தது. 1942 இல் பிரிட்டிஷ் கடற்படை கோயம்புத்தூரில் விமானப் பழுதுபார்ப்புத் தளம் ஒன்றை அமைத்து அதற்கு 'ஹெச்.எம்.எஸ். கருடா' என்று பெயர் வைத்தது. தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர் வைப்பது அந்தக் கடற்படையின் வழக்கம். போரின் கடைசிக் கட்டத்தில் சூலூர் தளத்தையும் கடற்படை எடுத்துக்கொண்டபோது அது 'ஹெச்.எம்.எஸ். வைரி' ஆனது. இலங்கையில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் இங்கே பழுது பார்க்க வந்தன, சரியானதும் திரும்பிப் போயின. ஆக, கடலே இல்லாத நம் சீமையில் விழுந்தது கடற்படை விமானமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அது போக, வடக்கே பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1943 முதல் அமெரிக்கர் கையில் இருந்து அவர்களுடைய விமானங்களைப் பழுது பார்த்தது. கோலாரில் லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்துக்குப் பயிற்சி நடந்தது, எலகங்காவில் மாஸ்கிட்டோ விமானத்துக்கு. இவையும் நம் வானத்தைத் தாண்டிப் போனவைதான். நீலகிரியில் தொட்டபெட்டா 2637 மீட்டர், ஆனைமலையில் ஆனைமுடி 2695 மீட்டர். இரண்டு மலைத்தொடருக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய். கொச்சிப் பக்கமிருந்து வருபவர்களுக்கு அதுதான் தாழ்வான வழி. ஆனி, ஆடியில் அந்த மலைகளின் மேல் மேகம் எப்படிக் கவிந்து நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ஊரில் கேளுங்கள்

1944 இல் பத்து வயது என்றால் இன்றைக்குத் தொண்ணூறு தாண்டியாயிற்று. லண்டன் காகிதம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும், அந்த அப்பாரு இருப்பாரா தெரியாது. அதனால் மின்னஞ்சல் எல்லாம் அப்புறம். முதலில் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

"எந்த வருஷம் விழுந்தது?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் நம்ப முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஏனுங்க அப்பாரு, அப்ப காட்டுல என்ன வெள்ளாமை நின்னுச்சுங்க? மாரியாத்தா நோம்பி சாட்டியிருந்தாங்களா? உங்க அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?" சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டிருந்த சமயம், கிணறு வற்றிக் கிடந்த வருஷம் என்று வாழ்க்கையோடு ஒட்டிய அடையாளம் வந்தால் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். சொல்பவர் நேரில் பார்த்தாரா, அவருடைய அப்பா சொல்லிக் கேட்டாரா என்பதைத் தனியாகக் குறியுங்கள். அனுமதி வாங்கிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எழுதும்போது அவர் வார்த்தையை மாற்றாதீர்கள். அவர் "புகை" என்று சொன்னதை நாம் "தீ" என்று எழுதிவிட்டால், பிறகு அறிக்கையோடு ஒப்பிடும்போது குழப்பம் அங்கேதான் தொடங்கும்.

தமிழ் வருடப் பெயர் நினைவிருப்பவர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். 1940 சித்திரையில் தொடங்கியது விக்கிரம. அடுத்து விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப என்று வரிசையாக 1945 வரை வரும். "தாரண வருஷம் ஆடி மாசம்" என்றால் 1944 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஒரு போர் முழுவதையும் தேட வேண்டிய இடத்தில் முப்பது நாள் தேடினால் போதும் என்று ஆகிவிட்டது பாருங்கள்.

நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். கோயம்புத்தூரில் சூரியன் உச்சிக்கு வருவது நம் கடிகாரப்படி சுமார் 12.20 மணிக்கு. போர்க்காலக் கடிகாரத்தில் அது 1.20. கிரீன்விச் நேரத்தில் (ஜி.எம்.டி.) எழுதிய பதிவாக இருந்தால் காலை 6.50. பெரியவர் "உச்சிப் பொழுது" என்கிறார், ஆவணம் "06.50" என்கிறது என்றால் இருவரும் ஒரே நொடியைத்தான் சொல்கிறார்கள். இது தெரியாமல் ஊர்க்காரர் சொன்னது தப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மூன்று இடத்தில் நினைவுகள் கலந்துவிடும். 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, சூலூர் விமானதளத்துக்குத் தீ வைக்கப்பட்டது. "சூலூரே எரிஞ்சுதுங்க" என்பது அந்தச் சம்பவமாகவும் இருக்கலாம். இரண்டாவது, சுதந்திரத்துக்குப் பிறகும் சூலூரிலிருந்து விமானங்கள் பறந்தன. 1950களின் கடைசியில் இந்தியக் கடற்படையின் ஜெட் விமானங்கள் அங்கே இருந்தன. "மூக்குல காத்தாடி சுத்துச்சுங்களா?" என்று ஒரு கேள்வி போட்டால் பாதி தெளியும். மூன்றாவது, பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வேறு வேறு வருடம் நடந்த இரண்டு விபத்துகள் ஒரே கதையாக ஒட்டிக்கொள்வது. ஒரு கதையில் விமானி குடையில் இறங்கித் தப்பினார், இன்னொன்றில் எல்லாரும் கருகினார்கள் என்றால், முதலில் இரண்டு விபத்து என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இடத்தையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். காடா தோட்டமா, எந்தக் கரட்டுக்குக் கிழக்கே, எந்த இட்டேரி வழியாகப் போக வேண்டும் என்று கேட்டு, நடந்து போய்க் கைப்பேசியில் அட்சரேகை தீர்க்கரேகை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண்ணும் வேண்டும். அரசின் இணையச் சேவைத் தளத்தில் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடம் இறக்கிக்கொள்ளலாம். யு.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுக் கணக்குக்கு முந்தைய பழைய பட்டா வீட்டில் இருந்தால் அதையும் படமெடுங்கள், பழைய வருவாய்க் கோப்பில் அந்த எண்தான் இருக்கும்.

துண்டு ஏதாவது மிஞ்சியிருந்தால்

விழுந்த விமானத்தைப் படையினர் வந்து அள்ளிக்கொண்டு போவது வழக்கம். ஆனாலும் அட்டாலியில் ஒரு தகடோ, வேலியில் ஒரு குழாயோ கிடைக்கலாம். தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, பொறித்த எழுத்து எண் எல்லாவற்றையும் படமெடுங்கள்.

அலுமினியத் தகட்டில் 'ஆல்க்ளாட் 24 எஸ்.டி.' என்று ஆங்கிலத்தில் அச்சு இருந்தால் அது அமெரிக்கத் தயாரிப்பு. அதனால் அமெரிக்கப் படை விமானம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிரிட்டிஷ் கடற்படை ஓட்டிய கோர்செயர், ஹெல்கேட், அவெஞ்சர் எல்லாமே அமெரிக்காவில் செய்தவைதான். எஞ்சின் மிஞ்சியிருந்தால் சிலிண்டரை எண்ணுங்கள். வட்டமாக இரண்டு அடுக்கில் பதினெட்டு என்றால் கோர்செயர், ஹெல்கேட், தண்டர்போல்ட் வகை. இரண்டு அடுக்கில் பதினான்கு என்றால் லிபரேட்டர், டகோட்டா, அவெஞ்சர், வெஞ்சன்ஸ் என்று பல. 'வி' வடிவில் பன்னிரண்டு என்றால் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், மாஸ்கிட்டோ, பாராகூடா போன்றவை. துப்பாக்கித் தோட்டாவின் வெற்று உறையில் அடிப்பக்கம் செய்த வருடம் பதிந்திருக்கும். 43 என்று இருந்தால் விபத்து அதற்கு முன்னால் நடந்திருக்க முடியாது.

வெடிக்காத தோட்டா, குண்டு மாதிரி எது கண்ணில் பட்டாலும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். இடம் ஆனைமலை, சத்தியமங்கலம் போன்ற புலிகள் காப்பகத்துக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. எலும்பு தென்பட்டால் தோண்டுவதை அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். அது ஒருவருடைய கல்லறை.

இறந்தவர்கள் வழியாகத் தேடுவது

எனக்குப் பிடித்த வழி இதுதான், புதியவர்களுக்கும் இதையே முதலில் சொல்வேன். விமானத்தைத் தேடாமல் ஆளைத் தேடுங்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு, பார்க்கக் காசு இல்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் உலகப்போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். பராமரிக்க முடியாத வெளியூர்க் கல்லறைகளிலிருந்து போருக்குப் பின் எடுத்து வந்து அங்கே சேர்த்தார்கள். அதனால் நம் பக்கம் இறந்தவர் நந்தம்பாக்கத்தில் இருப்பது இயல்பு.

ஊரில் கிடைத்த காலத்தை வைத்து வடிகட்டுங்கள். விமானப்படையினர் நான்கைந்து பேர் ஒரே தேதியில் இறந்து, அடுத்தடுத்த எண் கல்லறைகளில் இருந்தால் அது அநேகமாக ஒரே விமானத்தின் குழு. 'கூட்டுக் கல்லறை' என்ற குறிப்பு இருந்தால் உடல்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். அந்தப் பக்கத்திலேயே ஸ்கேன் செய்த பழைய தாள்கள் இணைந்திருக்கும். எங்கிருந்து எடுத்து வந்தார்கள் என்பதைச் சொல்லும் இடமாற்றப் பதிவு அதில் இருந்தால் உங்கள் தேடல் ஒரே நாளில் பாதி முடிந்துவிடும்.

கடற்படைக்காரர்களுக்கு, எந்தப் படைப்பிரிவு என்று சொல்லும் இடத்தில் கப்பல் பெயர் இருக்கும். 'கருடா', 'வைரி' என்று போட்டுத் தேடிப் பாருங்கள். பொதுத் தேடுபொறியில் 'கருடா' என்று போட்டால் இன்று கொச்சியில் இருக்கும் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடாதான் கொட்டும், அது வேறு. உடல் கிடைக்காத விமானப்படையினர் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் இருக்கும், இந்திய விமானப்படையினர் உட்பட. கடற்படை விமானிகளில் கல்லறை இல்லாதவர்களுக்கு இங்கிலாந்தில் லீ-ஆன்-சோலன்ட் நினைவகம்.

குழுவில் ஒருவராவது ஆஸ்திரேலியராக இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏ705' வரிசையில் அவருக்கு இறப்புக் கோப்பு இருக்க வாய்ப்பு அதிகம். பல கோப்புகளை இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். விபத்துச் சுருக்கம், அடக்கம் செய்த விவரம், தாய்க்கு அனுப்பிய கடிதம் என்று பிரிட்டிஷ் பக்கம் எங்குமே கிடைக்காத விவரம் அதில் கிடைக்கும். கனடாக்காரர் என்றால் அந்த நாட்டு நூலகமும் ஆவணக் காப்பகமும் சேர்ந்த நிறுவனத்தில் போரில் இறந்தவர்களின் பணிக்கோப்புகள் இருக்கின்றன. அந்த ஒருவருடைய கோப்பில் மற்ற நால்வரின் கதையும் அடங்கியிருக்கும்.

அடக்கப் பதிவை மறக்க வேண்டாம். பாதிரியார்கள் மெட்ராஸ் மாகாணத்தில் நடத்திய அடக்கங்களின் படி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என் 2' வரிசையாக இருக்கிறது. வயது, இறந்த நாள், அடக்கம் செய்த நாள், இறப்புக்குக் காரணம் என்று ஒரே வரியில் தரும்.

படைப்பிரிவின் நாட்குறிப்பு

பெயரும் தேதியும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கல்லறை ஆணையத்தின் இணையப் பக்கத்திலேயே ஸ்குவாட்ரன் எண், அதாவது அவருடைய விமானப் படைப்பிரிவின் எண், பெரும்பாலும் இருக்கும். இனி லண்டன் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணைக்குப் போகலாம். ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள் 'ஏர் 27' வரிசை, இந்திய விமானப்படை ஸ்குவாட்ரன்களும் இதில் உண்டு. விமானதளங்களுக்கு 'ஏர் 28'. பழுதுபார்ப்பு, பயிற்சி, விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரிவுகளுக்கு 'ஏர் 29'. பல ஸ்குவாட்ரன்களையும் தளங்களையும் சேர்த்து நடத்திய குரூப் தலைமையகங்களுக்கு 'ஏர் 25'. தென்னிந்தியாவுக்கான 225ஆம் குரூப்பின் தலைமையகம் பெங்களூரில் இருந்தது. ஸ்குவாட்ரன் எதுவென்று தெரியாதபோது நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தக் குரூப்பின் நாட்குறிப்பைத்தான்.

நாட்குறிப்பில் இரண்டு படிவங்கள் இருக்கும். 540 என்பது அன்றாட நிகழ்ச்சிச் சுருக்கம். 541 என்பது பறப்பு விவரம்: தேதி, விமான வகையும் எண்ணும், குழுவினர், என்ன வேலை, மேலேறிய நேரம், இறங்கிய நேரம், கடைசியில் விவரம் என்று கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இறங்கிய நேரத்துக்கான கட்டம். மேலும் கீழும் எல்லா வரியிலும் நேரம் இருக்க, ஒரு வரியில் மட்டும் அது காலியாக இருந்தால் அங்கே நின்று படியுங்கள்.

541 இல் ஒன்றும் இல்லையென்றால் கை விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் போர்ப் பணிப் பறப்புகளுக்கானது. பயிற்சிப் பறப்பு, சோதனைப் பறப்பு, ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் பறப்பு எல்லாம் 540 இல் ஒரு வாக்கியமாகத்தான் வரும், சில சமயம் மறுநாள் பத்தியில், சில சமயம் சவ அடக்கத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்ற செய்தியாக. கொங்கு நாடு போர்முனையிலிருந்து வெகுதூரம். இங்கே விழுந்தவை பெரும்பாலும் இந்த ரகம்தான். எனவே 540 ஐ அந்த மாதம் முழுக்கப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

'ஏர் 27' கோப்புகளில் மிகுதியை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். 'ஏர் 28', 'ஏர் 29' போன்றவற்றுக்குப் படி கேட்டு எழுத வேண்டும். கோப்பைப் பார்த்து எத்தனை பக்கம் என்று சொல்வதற்கே ஒரு கட்டணம், பிறகு படிக்குத் தனி. அதனால் "1944 ஜூலை, ஆகஸ்ட் பக்கங்கள் மட்டும்" என்று கறாராகக் கேளுங்கள்.

ஊர்ப் பெயர் நீங்கள் எதிர்பார்க்கும் வடிவில் இருக்காது. காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அல்லது பக்கத்து ரயில் நிலையத்தை எழுதியிருப்பார்கள். போத்தனூர், இருகூர், சோமனூர், ஊத்துக்குளி என்று பாதையோர நிலையப் பெயர்களை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். "சூலூருக்கு வடகிழக்கே 15 மைல்" என்று இருந்தால் எந்த மைல் என்பதையும் பார்க்க வேண்டும். தரை மைல் என்றால் 24 கிலோமீட்டர், கடல் மைல் என்றால் கிட்டத்தட்ட 28. நம் பக்கம் அந்த நான்கு கிலோமீட்டருக்குள் இரண்டு மூன்று ஊர் வந்துவிடும். சர்வே ஆஃப் இந்தியாவின் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவு பழைய வரைபடம் கிடைத்தால் அதில் வைத்து அளந்து பாருங்கள், சூலூர் இருக்கும் தாளின் எண் 58 ஈ/4.

விமான எண்ணும் விபத்து அட்டையும்

நாட்குறிப்பில் கிடைக்கும் விமான எண்தான் அடுத்த கதவைத் திறக்கும். பிரிட்டிஷ் எண் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கமும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் ஒரே எண் முறைதான், ஆகவே எண்ணை மட்டும் வைத்து எந்தப் படை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ஆர்டர் கொடுத்த நிதியாண்டு. வால் பகுதியில் அதை எழுதும்போது நாற்பதுகளின் நான்கை விட்டுவிடுவார்கள்.

பிரிட்டிஷ் விமானப்படையின் விபத்து அட்டை 'படிவம் 1180', இடமாற்ற அட்டை 'படிவம் 78'. இரண்டுக்கும் லண்டன் ஹென்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கு எழுத வேண்டும். வகை, எண், தேதி மூன்றையும் கொடுத்தால் தேடித் தருவார்கள். 1180 ஒரு சின்ன அட்டை, அதில் சுருக்கெழுத்து மயம். 'எஃப்.ஏ.' என்றால் பறக்கும்போது விபத்து. 'கேட் ஈ' என்றால் இனி உதவாது என்று கழித்துவிட்டது. 'ஈ.எஃப்.' எஞ்சின் கோளாறு. 'எஸ்.ஓ.சி.' கணக்கிலிருந்து நீக்கியது. நீக்கிய தேதியை விபத்துத் தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வாரம் கழித்துக்கூடக் கணக்கை முடிப்பார்கள். முழு விசாரணை அறிக்கைகளில் பெரும்பாலானவற்றைப் போருக்குப் பின் அழித்துவிட்டார்கள், அதனால் பல விபத்துகளுக்கு இந்த அட்டையில் இருக்கும் இரண்டு வரிதான் காரணம் சொல்லும் ஒரே சாட்சி.

காரணத்தைப் படிக்கும்போது அந்த மாதம் வேறு என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1944 நவம்பரில் இந்தியாவிலிருந்த மாஸ்கிட்டோ விமானங்கள் எல்லாவற்றையும் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். மரத்தால் செய்த இறக்கை ஒட்டு விட்டுப் போவதாக ஐயம். அதற்கு முந்தைய வாரங்களில் "விமானியின் பிழை" என்று எழுதிய மாஸ்கிட்டோ விபத்து ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், அந்த வார்த்தையை அப்படியே ஏற்காமல் மேலும் தேட வேண்டும். இறந்தவரால் தன் தரப்பைச் சொல்ல முடியாது.

கடற்படை என்றால் விபத்துப் படிவத்தின் பெயர் 'ஏ25'. கடற்படை ஸ்குவாட்ரன் பதிவுகள் கியூவில் 'ஏ.டி.எம். 207' வரிசையில் இருக்கின்றன. மற்றவற்றுக்கு இங்கிலாந்து யோவில்டனில் உள்ள கடற்படை விமானப் பிரிவின் அருங்காட்சியகம். பழுது பார்த்த விமானம் சோதனைப் பறப்பில் விழுந்திருந்தால் அது எந்த ஸ்குவாட்ரனுக்கும் சொந்தமாக இருக்காது, தளத்தின் பெயரில்தான் தேட வேண்டும்.

அமெரிக்க விமானத்துக்கு இரண்டு காகிதம். காணாமல் போன குழு பற்றிய அறிக்கையை 1943 நடுவிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். அது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையிலேயே கிடைக்கும். விபத்து அறிக்கை 'படிவம் 14' அலபாமாவில் மேக்ஸ்வெல் விமானதளத்தில் உள்ள விமானப்படை வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. அமெரிக்க அறிக்கைகள் விரிவானவை, படங்கள் சேர்ந்தவை. ஊர்க்காரர் யாராவது சாட்சி சொல்லியிருந்தால் அதுவும் இருக்கலாம்.

சென்னையும் டெல்லியும்

இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். படையினர் எழுதாத ஒன்று நம் அரசுக் கோப்பில் இருக்கும்: நிலமும் மக்களும். வெள்ளாமை எரிந்ததற்கு நஷ்டஈடு, ஊர்க்காரர் காயம்பட்டது, மணியக்காரர் தாசில்தாருக்கு எழுதியது எல்லாம் வருவாய் இலாகா, பொது இலாகா அரசாணைகளில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆய்வு அனுமதி வாங்கி, அந்தந்த வருடத்து அட்டவணைத் தொகுதியைப் பார்க்க வேண்டும். மாவட்டப் பெயரில் கவனம். ஈரோடு 1979 இலும் திருப்பூர் 2009 இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின, அன்று எல்லாம் கோயம்புத்தூர் ஜில்லா. இன்று கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லாதான். கரூர் 1910 முதல் திருச்சி ஜில்லா.

டெல்லியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் பதிவு செய்துகொண்டு மாகாண அரசின் பதினைந்து நாள் அறிக்கைகளைப் படிக்கலாம். செய்தித்தாளுக்கு சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆனால் போர்க்காலத் தணிக்கையில் ராணுவ விபத்துச் செய்தி அடிபட்டுப் போயிருக்கும், வந்தாலும் இடப்பெயர் இருக்காது. செய்தி இல்லை என்பதால் விபத்தே இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம்.

ஊர்க்காரர் யாராவது இறந்ததாகக் கதை இருந்தால் கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேட்டைத் தாலுகா ஆபீசில் கேட்டுப் பாருங்கள். அயல்நாட்டு விமானி பெயருக்குக் கல் இருக்கிறது. மாடு மேய்த்துக்கொண்டிருந்தபோது தீயில் மாட்டிய பையனுக்கு இந்தப் பதிவேட்டைத் தவிர வேறு எதுவும் இருக்காது. நாம்தான் அவனையும் தேட வேண்டும்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று குறித்து வாருங்கள்: கோப்பு எண், பக்கம், படமெடுத்த தேதி, சொன்னவர் நேரில் பார்த்தாரா என்பது. தேதி, இடம், விமான எண், ஆட்கள் என்ற நான்கில் குறைந்தது மூன்று, ஊர் நினைவும் காகிதமுமாக ஒத்துப்போகும் வரை "இதுதான் அந்த விமானம்" என்று எழுத வேண்டாம். "இதுவாக இருக்கலாம்" என்பதும் மதிப்புள்ள முடிவுதான். அதை அப்படியே எழுதி வைத்தால் பின்னால் வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிலத்தின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். உலோகம் பொறுக்க வருபவர்களால் தோட்டக்காரருக்குத்தான் தொல்லை.

இறந்தவரின் குடும்பம் கிடைத்தால் முதல் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், எந்த ஊர், எந்த ஆவணத்தில் அவர் பெயரைப் பார்த்தீர்கள், சென்னையில் அவருடைய கல்லறை எண் என்ன என்று மட்டும் எழுதுங்கள். உடல் எப்படிக் கிடந்தது என்று ஊரில் சொன்னதை அவர்கள் கேட்காமல் எழுதக் கூடாது. விரும்பினால் அந்தக் காட்டின் இன்றைய படம் ஒன்றை அனுப்பத் தயார் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள்.